மீன்முள் வரைபடத்தில் ‘மழை’ என்று எழுதி முடித்துவிடலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பு வழியாகச் செல்லும் 600 மீட்டர் தார்ச்சாலை போடப்பட்டு 14 மாதங்கள்தான் ஆகின்றன. அதற்குள் 23 குழிகள் விழுந்துவிட்டன. அவற்றில் 14 இடது ஓரத்தில் இருக்கின்றன. நடுவில் உள்ள இரண்டு குழிகள் மழையில்லாத நாள்களிலும் ஈரமாகவே கிடக்கின்றன. மற்றவை அங்கங்கே உள்ளன. முறையிட்டதற்கு ‘கனமழையே காரணம்’ என்று பதில் வந்தது. இப்போது ஒரு தரகர், மீன்முள் வரைபடத்தோடு கூடிய தர ஆய்வு அறிக்கையை ஆய்வகச் சான்றுடன் இரண்டே நாளில் தருவதாகச் சொல்கிறார். அவரிடம் கொடுக்கலாமா, அல்லது நாங்களே அந்த வரைபடத்தைப் போட முடியுமா?

பதில்: நீங்களே போடலாம், தரகர் வேண்டாம். ஒரு பெரிய தாளும் அளவு நாடாவும் சாலையில் குனிந்து பார்க்கும் பொறுமையும் இருந்தால் போதும். ஜப்பானியத் தரக்கட்டுப்பாட்டு அறிஞர் கவோரு இஷிகாவாவின் பெயரால் வழங்கும் இந்த வரைபடத்தில், மீனின் தலை இருக்கும் இடத்தில் பிரச்சினையை எழுதி, முதுகெலும்பிலிருந்து பிரியும் முள்களில் ஆட்கள், இயந்திரம், பொருள், செய்முறை, அளவீடு, சூழல் என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் காரணமாக இருக்கக்கூடியவற்றை எழுதுவார்கள். ‘இருக்கக்கூடியவை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்த வரைபடம் காரணத்தைக் கண்டுபிடித்துத் தராது. யார் யாரை விசாரிக்க வேண்டும் என்ற பட்டியலை மட்டுமே தரும். சாட்சியம் சாலையில்தான் கிடக்கிறது.

முதலில் தலையைச் சரியாக எழுதுங்கள். ‘சாலை மோசம்’ என்று எழுதினால் உலகத்திலுள்ள எல்லாக் காரணங்களும் அதற்குப் பொருந்திவிடும். ‘போடப்பட்ட 14 மாதங்களில், 600 மீட்டரில், இடது ஓரத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் 14 குழிகள்’ என்று எழுதினால் பாதிக் காரணங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். மீதமுள்ள குழிகளுக்குத் தனித் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மீனில் அடைப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் முதல் தவறு.

அடுத்து, உங்களுக்கு வந்த பதிலை எடுத்துக்கொள்வோம். மழை 600 மீட்டருக்கும் ஒரே மாதிரிதான் பெய்தது. வலது ஓரத்தில் பெய்த மழை ஏன் குழி பறிக்கவில்லை? மழை பெய்வது சாலை போடுகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்த செய்தி. அதைத் தாங்கும்படி போடுவதுதான் அவருடைய வேலை. ஆகவே ‘சூழல்’ என்ற முள்ளில் மழை என்று எழுதியதோடு நிறுத்தாமல், அதிலிருந்து ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்குங்கள். தண்ணீர் இடது ஓரத்தில் ஏன் தேங்கியது, சாய்வு இருந்ததா, வடிகால் வாய் திறந்திருந்ததா, ஓரத்து மண் சாலையைவிட உயர்ந்து தண்ணீரை மறிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தார்ச்சாலையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 விழுக்காடு சாய்வு இருக்க வேண்டும். அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர் இறக்கம். நேரான ஒரு மீட்டர்ச் சட்டத்தைக் குறுக்காக வைத்து, மேலே ரசமட்டம் வைத்து, மட்டம் வரும்வரை தாழ்ந்த முனையைத் தூக்கி, அதன் கீழுள்ள இடைவெளியை அளந்தால் போதும். பத்து இடங்களில் அளந்து, எண்ணைத் தாளில் எழுதுங்கள். பத்தில் ஏழு இடங்களில் சாய்வு இல்லையென்றால், ‘கனமழை’ என்ற பதிலுக்கு அந்தத் தாளே மறுப்பு.

பொருளும் செய்முறையும் எப்படி இருந்தன என்பதை உடைந்த துண்டுகள் சொல்லும். குழியின் விளிம்பில் தளர்ந்து நிற்கும் ஒரு துண்டைக் கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள். நல்ல கலவையில் ஒவ்வொரு ஜல்லியும் கறுப்பாக, தார் போர்த்தியபடி வரும். ஜல்லி கழுவி வைத்ததுபோல் வெளுத்து, விரலால் தேய்த்தால் தூசி ஒட்டினால், தண்ணீர் தாரைக் கல்லிலிருந்து பிரித்துவிட்டது என்று கொள்ளலாம். பெரும்பாலும் அழுக்கான ஜல்லியோ குறைந்த தாரோ அதற்குத் துணைநின்றிருக்கும். துண்டு அப்பளம்போல் தட்டையாகப் பெயர்ந்து, அடிப்பக்கம் வழவழப்பாக மண்படலத்தோடு இருந்தால், பழைய பரப்பைத் துடைத்து ஒட்டுத்தார் தெளிக்காமல் மேல்தளத்தைப் பரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். அங்கங்கே கிடக்கும் அந்த ஏழு குழிகளை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாதது இறுக்கம். கலவை லாரியில் காத்திருந்து ஆறிப்போய், ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கிவிட்டால், ரோலர் எத்தனை முறை ஓடினாலும் அது இறுகாது. வழக்கமான அடர்கலவையில் காற்றிடம் (கலவைக்குள் காற்று நிற்கும் வெற்றிடம்) 8 விழுக்காட்டைத் தாண்டினால் நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்து தண்ணீர் உள்ளே இறங்க வழி கிடைக்கிறது; அதற்குப் பின் மேலே ஓடும் ஒவ்வொரு சக்கரமும் அந்தத் தண்ணீரை அழுத்திப் பிதுக்கித் தாரைக் கழற்றுகிறது. இதை உறுதிசெய்ய உருளை வடிவில் அறுத்தெடுத்த கோர் மாதிரி வேண்டும்.

தரகர் நுழைவது இந்த இடத்தில்தான், ஆகவே அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ‘ஒரு துண்டு கொடுங்கள், சான்று வாங்கித் தருகிறேன்’ என்பார். குழியிலிருந்து பெயர்ந்த துண்டு ஏற்கெனவே தாரை இழந்த துண்டு. ஆய்வகம் அதை நேர்மையாகவே சோதித்து, அந்தத் துண்டைப் பற்றி உண்மையான சான்று தரும். ஆனால் அந்தச் சான்று உங்கள் சாலையைப் பற்றி எதையும் நிரூபிக்காது, எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் அதைத் தள்ளிவிடும். கோர் மாதிரி, கெட்டுப்போன பகுதியின் அருகே ஒன்றும் நன்றாக இருக்கும் பகுதியில் ஒன்றுமாக, இரு தரப்பும் பார்த்திருக்க, இடம் குறித்து, கையெழுத்திட்டு எடுக்கப்பட வேண்டும். அதை இரண்டே நாளில் செய்து தருவதாகச் சொல்பவரிடம் ஒப்படைக்காதீர்கள். வரைபடமும் அப்படித்தான். பணியில் இருந்த காலத்தில் என் மேசைக்கு வந்த இரண்டு கோப்புகளில், முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு சாலைகளுக்கு ஒரே மீன்முள் வரைபடம் இருந்தது. ஆறு முள், முள்ளுக்கு மூன்று காரணம், இரண்டிலும் ‘வடிகால்’ என்ற சொல் ஒரே பிழையோடு எழுதப்பட்டிருந்தது. ஒன்றை மக்கள் தரப்பிலும் மற்றொன்றை ஒப்பந்ததாரர் தரப்பிலும் கொடுத்திருந்தார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்றும் ஆறவில்லை.

‘அதிக பாரம்’ என்ற பதிலும் உங்களுக்கு வரலாம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து, அச்சுப் பாரம் (வண்டியின் ஓர் அச்சு சாலையில் இறக்கும் சுமை) இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்ற கணக்கு வந்தது. எனவே அந்தப் பதிலில் பொருள் உண்டு. ஆனால் பாரத்தால் விழும் குழி சக்கரம் ஓடும் தடத்தில், முதலைத்தோல் போன்ற வெடிப்புகளுக்கு நடுவே விழும். ஓரத்துக் குழிகளைச் சுற்றி அப்படி வெடிப்பு இல்லையென்றால் அந்தப் பதிலும் நிற்காது.

இப்போது ஈரமாகவே கிடக்கும் அந்த இரண்டு குழிகள். சாலை மேலிருந்து தண்ணீர் இறங்கிக் கெடுகிறது என்று இதுவரை சொன்னதற்கு இவை விலக்கு. இவை கீழிருந்து கெடுகின்றன. மழையில்லாத நாளில் விடியற்காலையில் குழியிலுள்ள தண்ணீரை முழுவதும் மொண்டு, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அரைமணி நேரம் பாருங்கள். மீண்டும் ஊறினால் பெரும்பாலும் கீழே குழாய் கசிகிறது. குழாயில் தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் ஊறினால் இன்னும் உறுதி. கசிவு, அடித்தள மண்ணின் நுண்துகள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துச் செல்வதால் மேலே எத்தனை முறை தார் போட்டு அடைத்தாலும் நிற்காது. இந்த இரண்டையும் மற்ற 21 குழிகளோடு சேர்த்து எழுதினால், எதிர்த்தரப்பு இந்த இரண்டை மட்டும் சுட்டிக்காட்டி, ‘பிரச்சினை குழாயில்தான், சாலையில் இல்லை’ என்று எல்லாவற்றிலிருந்தும் கழன்றுகொள்ளும். அதே சமயம், சாலை போடும் முன்பே அந்தக் கசிவு இருந்தது என்று அக்கம்பக்கத்தினர் சொன்னால், ஈரமான அடித்தளத்தின் மேல் சாலை போட்டது செய்முறைத் தவறு. அப்போது அந்த இரண்டும் மீண்டும் சாலைக் கணக்குக்கே வந்துவிடும். குழாய் பதித்த பள்ளத்தை மெல்லிய அடுக்குகளாக இடித்து இறுக்காமல் ஒரே தடவையில் மண்ணைத் தள்ளி மூடியிருந்தாலும் அப்படியே. ஆகவே ஊறுகிறதா, எப்போதிலிருந்து ஊறுகிறது என்ற இரண்டையும் தேதியோடு எழுதிவையுங்கள்.

கடைசியாக ‘அளவீடு’ என்ற முள். நான் பார்த்த வரைபடங்களில் பெரும்பாலும் காலியாகக் கிடப்பது இதுதான். கலவை வந்து இறங்கியபோது இருந்த வெப்பநிலைப் பதிவு, இறுக்கச் சோதனை முடிவு, தளத்தின் தடிமன் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் அந்த முள்ளில் ‘பதிவு தரப்படவில்லை’ என்று தேதி போட்டு எழுதுங்கள். குழியை அடைத்துவிட்டு, கோப்புக்காகப் பின்தேதியில் காரணம் எழுதும் வழக்கம் ஒழியாதவரை அடுத்த சாலையும் இப்படித்தான் போடப்படும். ஒப்பந்தத்தில் குறைபாடு பொறுப்புக் காலம் (குறைகளை ஒப்பந்ததாரரே தம் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம்) எத்தனை மாதம் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். அது முடியும்வரை ஒப்பந்ததாரர்கள் இழுத்தடிப்பது உண்டு.

இதற்கெல்லாம் முன்பு, இந்த வாரமே 23 குழிகளுக்கும் சுண்ணாம்பால் வட்டமிட்டு, எண் எழுதி, அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். ஒட்டுப்போடும் வண்டி வந்துபோன பிறகு பார்க்க எதுவும் மிஞ்சாது.