அம்மாவின் கடைசி நாட்களில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 74 வயதான அவருடைய தாயாருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இனிச் சிகிச்சையால் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், வலிக்கு மார்ஃபின் மருந்தோடு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார். தொண்டையில் குழாய் போட வேண்டாம் என்று தாயார் சொல்கிறார். கடைசிவரை எல்லாம் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் வழக்குப் போடுவேன் என்று சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் சொல்கிறார். தாயார் சென்ற ஆண்டு மகளின் பெயரில் எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியை (அதிகாரப் பத்திரத்தை) வைத்துத் தாமே முடிவெடுக்கலாமா என்பது வாசகியின் முதல் கேள்வி. இந்தியாவில் கருணைக்கொலையை அனுமதித்துவிட்டதாக உறவினர் சொல்கிறாரே, இங்கும் அப்படி வழி உண்டா என்பது இரண்டாவது கேள்வி.

சகோதரி, அண்ணன் மூன்று ஆண்டுகளாக ஒரு வெள்ளிகூட அனுப்பாததையும், தீபாவளிக்கு வந்த அண்ணியார் பேசிய பேச்சையும் இரண்டு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த வேதனை நியாயமானது. ஆனால் இந்த விவகாரத்தில் அதற்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்குத்தான் மதிப்பு உண்டு: அம்மா இன்னும் தெளிவாகப் பேசுகிறார். புத்தித் தெளிவுள்ள, வயது வந்த எவரும் தமக்குச் செய்யப்படும் சிகிச்சையை மறுக்கலாம். அந்த உரிமை அவருடையது. உங்களுக்கும் அது இல்லை, அண்ணனுக்கும் இல்லை.

பவர் ஆஃப் அட்டர்னி இதற்கு உதவாது. சொத்து, வங்கி போன்ற காரியங்களுக்காக எழுதப்படும் அந்தப் பத்திரத்தைக் காட்டி இன்னொருவரின் சிகிச்சையை நிறுத்தச் சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்தவர் சுயநினைவையும் முடிவெடுக்கும் ஆற்றலையும் இழந்துவிட்டால், நம் நாட்டில் சாதாரண அதிகாரப் பத்திரம் பொதுவாகச் செல்லாது. அவர் இறந்துவிட்டால் அது பொதுவாக வெறும் காகிதம். இறந்த பிறகு அதைக் காட்டி வங்கியில் பணம் எடுத்துவிட்டு, பின்னர் உடன்பிறப்புகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் என் அலுவலகத்துக்கு வந்து நின்றவர்கள் உண்டு.

முன்கூட்டியே எழுதி வைக்கும் சிகிச்சை விருப்பத்துக்குச் சிங்கப்பூரில் 1996 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. மலேசியாவில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் நோயாளி ஐயத்துக்கு இடமின்றி எழுத்தில் மறுத்திருக்கும் சிகிச்சையை மருத்துவர் செய்யாமல் விட வேண்டும் என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி கூறுகிறது. கருணைக்கொலை போன்ற சட்டவிரோதமான செயலைக் கேட்டு எழுதியிருந்தால் அது பொருந்தாது என்பதையும் அதே வழிகாட்டி கூறுகிறது. பலரும் இங்கேதான் இடறி விழுகிறார்கள். வலியின் உச்சத்தில் அம்மா சொன்ன "ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள்" என்ற வார்த்தையையும், பாசத்தால், அப்படியே அந்த மறுப்புக் கடிதத்தில் எழுதிவிடுகிறார்கள். செல்லுபடியாகக்கூடிய மறுப்பின்மீதும் அந்த ஒரு வரி ஐயத்தை வரவழைத்துவிடும். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை மட்டும் எழுதுங்கள். அம்மா தெளிவாக இருக்கும் நேரத்தில், அவரைப் பார்க்கும் மருத்துவர் முன்னிலையில் கையெழுத்தாகட்டும். அவர் புரிந்துதான் சொல்கிறார் என்பதை மருத்துவர் தம் குறிப்பில் பதிய வேண்டும் என்று கேளுங்கள். சாட்சிக் கையெழுத்தை நீங்கள் போட வேண்டாம்.

இனி இரண்டாவது கேள்வி. இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்தது, மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதையே. ஊசி போட்டு உயிரை முடிப்பதை அல்ல. அந்தத் தீர்ப்பும் இங்குள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. நம் தண்டனைச் சட்டத்தில், 18 வயதைக் கடந்தவரின் சம்மதத்தோடு அவருடைய உயிரைப் போக்கினால், கொலை என்ற குற்றச்சாட்டு, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறையலாம். 304-ஆவது பிரிவின்படி அதற்கும் முப்பது ஆண்டுகள் வரை சிறை உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டதைக் கேள்விப்பட்டு, உதவி செய்வதும் குற்றமல்ல என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தற்கொலைக்கு உடந்தையாக இருப்பது இன்றும் குற்றம்தான்.

உங்கள் வீட்டில் இருக்கும் மார்ஃபின் புட்டிதான் எனக்குப் பெரிய கவலை. மருத்துவர் எழுதிய அளவை, எழுதிய நேரத்தில், வலி தணியக் கொடுப்பது குற்றமல்ல. பயந்துபோய் அளவைக் குறைத்து அம்மாவை வலியில் தவிக்க விடாதீர்கள். அந்த அளவு போதவில்லையென்றால் வலிநிவாரண மருத்துவரையோ ஹோஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு) தாதியையோ அழைத்து மாற்றச் சொல்லுங்கள். நீங்களாக ஒரு மில்லிலிட்டர்கூடக் கூட்டக் கூடாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், எத்தனை மில்லிலிட்டர், கொடுத்தவர் பெயர் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். நாளை அண்ணன் போலீஸ் புகார் கொடுத்தால், புட்டியில் மிஞ்சியிருக்கும் மருந்தும் நோட்டிலுள்ள கணக்கும் ஒத்துப்போவதுதான் உங்களுக்குக் காப்பு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எழுதியதாகச் சொல்லும் "அம்மாவை நிம்மதியா அனுப்பிடலாம்" என்ற செய்தி, அந்தப் புகாரோடு அச்செடுத்து இணைக்கப்படும் முதல் தாளாக இருக்கும். எழுதியதை அழிக்காதீர்கள், அழித்தால் சந்தேகம் கூடும். இனி இதைப் பற்றி அங்கே எழுதாதீர்கள்.

சட்டம் இவ்வளவு மௌனமாக இருக்கும் நாட்டில், நோயாளி பேச முடியாமல் போனதும் முடிவு மருத்துவர் கைக்கு மாறுகிறது. பிள்ளைகளின் சம்மதம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றாலும், கட்டிலருகே ஒருவர் வேண்டாம் என்றும் ஒருவர் வழக்குப் போடுவேன் என்றும் நின்றால், அவர் தமக்குப் பாதுகாப்பான வழியைத்தான் தேர்ந்தெடுப்பார், குழாய் போடப்படும். உங்கள் தாயார் வேண்டாம் என்றது அதைத்தான். ஆகவே அண்ணனை வெல்வது உங்கள் நோக்கமாக இருக்கக் கூடாது. அவரைச் சம்மதிக்க வைத்தால்தான் அம்மாவின் விருப்பம் நிறைவேறும்.

அண்ணனின் கோபத்தில் பாதி வீட்டைப் பற்றியது என்பதை உங்கள் கடிதமே காட்டுகிறது. உயில் இல்லாமல் தாயார் காலமானால், தந்தையாரும் தாத்தா பாட்டியும் ஏற்கெனவே காலமாகிவிட்டதால், 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி பிள்ளைகள் இருவருக்கும் சம பங்கு. நீங்கள் பார்த்துக்கொண்ட காரணத்தால் அது ஒரு விழுக்காடும் கூடாது. அநியாயமாகத் தோன்றினாலும் சட்டம் அதுதான். பவர் ஆஃப் அட்டர்னியை வைத்து வீட்டை இப்போது உங்கள் பெயருக்கு மாற்றும் எண்ணத்தைக் கைவிடுங்கள். அம்மா மருந்து மயக்கத்தில் இருக்கும்போது பெருவிரல் ரேகை வாங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள். சம பங்குக்குச் சம்மதம் என்று அண்ணனிடம் இந்த வாரமே சொல்லிவிட்டு, வரும் சனிக்கிழமை அவர் சிங்கப்பூரிலிருந்து வரும்போது மருத்துவரோடு ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். அங்கே நீங்கள் பேச வேண்டாம். தமக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை அம்மாவே மகனிடம் சொல்லட்டும்.