சுரியல்: சுருண்ட முடிக்கு ஒரு பழஞ்சொல் (கேள்வி பதில்)

கேள்வி: 'சுரியல்' என்றால் பெண்களின் கூந்தல் என்று படித்தேன். சரிதானா?

பதில்: பாதி சரி. சுரிதல் என்றால் சுருளுதல், சுழிதல். சுரிந்து கிடக்கும் முடி சுரியல்; அது யார் தலை என்பது சொல்லுக்குள் இல்லை. சங்கப் பாட்டான பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநன் என்ற கலைஞனுக்குப் பொற்றாமரை சூட்டும் இடத்தைப் பாருங்கள்: "எரி அகைந்தன்ன ஏடு இல் தாமரை / சுரி இரும் பித்தை பொலியச் சூட்டி". பித்தை ஆணின் தலைமயிர். இரும் என்றால் கரிய. சுருண்ட கறுப்பு முடியில் நெருப்பு கிளைத்தாற்போலத் தாமரை. அதே பாட்டில் பாடினிக்கு, அதாவது பாடும் பெண்ணுக்கு, வருவது "அறல் போல் கூந்தல்". நீர் வடிந்த கருமணலில் வரிவரியாகப் படிந்திருக்குமே, அதுதான் அறல். அவனுக்குச் சுருள், அவளுக்கு நெளி. புலவர் முடத்தாமக்கண்ணியாருக்குக் கண் கூர்மை!

கேள்வி: தாடியைச் சுரியல் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லியிருக்கிறார்கள். மணிமேகலையில், மலர்வனம் புக்க காதையில், ஆண் பெண் வேடமிட்டு ஆடும் பேடிக் கோலத்தின் வருணனை "சுரியற் றாடி" என்றுதான் தொடங்குகிறது. பிரித்தால் சுரியல் தாடி.

கேள்வி: சுரிகை என்ற கத்தியும் வளைந்திருப்பதால் வந்த பெயர்தானே?

பதில்: இல்லை. அது வடசொல், சவரக்கத்தியைக் குறிக்கும் 'க்ஷுர' என்பதோடு சேர்ந்தது. சுரியலை மழிக்கும் கத்தியின் இனத்துச் சொல், அவ்வளவுதான் உறவு.

கேள்வி: அளகமும் இதே பொருள்தானா?

பதில்: அதுவும் வடக்கிலிருந்து வந்தது. அங்கே 'அலக' என்றால் சுருள்முடி. இங்கே வந்தபின் சுருளை உதறிவிட்டுப் பொதுவாகப் பெண்ணின் கூந்தலைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

கேள்வி: கலிப்பா என்ற பாவகையின் கடைசி உறுப்பு சுரிதகம். முடிக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நல்ல கேள்வி. முன் உறுப்புகளில் சொன்ன பொருளையெல்லாம் உள்ளே இழுத்து அடக்கி முடிப்பது சுரிதகம். அதனால்தான் அதற்கு அடக்கியல் என்றும் பெயர். நீர்ச்சுழி போலச் சுரிந்து முடிவதால் இந்தப் பெயர் என்று யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலத்தின் உரை காரணம் சொல்கிறது. சங்குக்குச் சுரிமுகம் என்ற பெயர் வந்ததும் அந்தச் சுழியால்தான்.

கேள்வி: இன்று யாரும் சுரியல் என்று சொல்வதில்லையே. செத்துப்போன சொல்லா?

பதில்: சுரியல் ஏட்டோடு சரி. ஆனால் அதன் பக்கத்து வீட்டுச் 'சுருள்' நன்றாகவே இருக்கிறது: சுருட்டை முடி, புகைக்கும் சுருட்டு, சுருண்டு படுத்துச் செதில்களை உரசிச் சரசரவென்று ஒலியெழுப்பும் சுருட்டை விரியன். மலையாளத்தில் சுருள், கன்னடத்தில் சுருளி. சுருட்டு கப்பலேறி ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது.

கேள்வி: சுருளாத முடிக்கு?

பதில்: கோரை முடி. கோரைப் புல்லைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்.