மஞ்ச மீன் நீல மீனோட குட்டியா?

அண்ணா வணக்கம்,

போன வாரம் பொண்ணைக் கூட்டிக்கிட்டு கொளத்தூர் மீன் கடைக்குப் போனேன். கார்ட்டூன்ல வர்ற அந்த நீல மீன், வால் மட்டும் மஞ்சளா இருக்குமே, அது ஒரு டேங்க்ல இருந்துச்சு, பக்கத்து டேங்க்ல அதே மாதிரி தட்டையா, ஆனா உடம்பு முழுக்க எலுமிச்சை மஞ்சள்ல இன்னொண்ணு. கடைக்காரர் "இது அதோட குட்டிதான் பாப்பா, வளர்ந்தா நீலமாயிடும்"னு சொன்னார். ரெண்டும் சர்ஜன் மீனாம், கையை விட்டா அறுத்துடுமாம். பொண்ணு இப்ப தினமும் கேக்குறா, மஞ்சள் எப்ப நீலமாகும், மீனுக்கு எதுக்கு டாக்டர் பேருன்னு. ஒரே குடும்பம்னு எதை வச்சுதான் முடிவு பண்றாங்க?
க., சேலம்

அன்புள்ள க.,

கடைக்காரர் சொன்னது பொய்யும் இல்ல நிஜமும் இல்ல, அவர் வேற கடலோட கதையை இங்க கொண்டாந்து ஒட்டிட்டார். கரீபியன் பக்கம் அட்லாண்டிக்ல ஒரு சர்ஜன் மீன் இருக்கு, அகாந்தூரஸ் செரூலியஸ்னு பேரு, அது குட்டியா இருக்கும்போது பளிச்சுன்னு மஞ்சள், அப்புறம் உடம்பு நீலமாகி வால் மட்டும் கொஞ்ச நாள் மஞ்சளாவே நிக்கும், கடைசில முழு நீலம். நீங்க பாத்த நீல மீன் அது இல்ல, பாராகாந்தூரஸ் ஹெப்பாட்டஸ், இந்து மகா சமுத்திரத்துலயும் பசிபிக்லயும் இருக்கறது, சின்னதுலயே நீலம்தான். மஞ்சள் வந்து ஜீப்ராசோமா ஃபிளேவசென்ஸ், ஹவாய்க்காரன், வயசானாலும் மஞ்சள்தான் (ராத்திரில மட்டும் நிறம் கொஞ்சம் வெளிறி நடுவுல வெள்ளையா ஒரு பட்டை தெரியும்). ஹவாய் கடல்ல இது 40 வருஷம் தாண்டியும் வாழும், அதனால பாப்பா காத்துக்கிட்டு இருந்தா கல்யாணமே ஆயிடும், மீன் மாறாது.

ஆனா சொந்தம் இல்லாம இல்ல. ஜீப்ராசோமாவையும் பாராகாந்தூரஸையும் பக்கத்துல பக்கத்துலதான் வைக்கிறாங்க, குட்டி இல்ல, பங்காளின்னு வச்சுக்கோங்க.

எதை வச்சு முடிவு பண்றாங்கன்னு கேட்டீங்க. நிறத்தை வச்சு இல்லவே இல்ல, இந்த மீன் விஷயத்துல நிறத்தை நம்புனவன் கெட்டான். முதல்ல பாக்க வேண்டியது வாலோட அடி, வால் துடுப்பு ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அங்க ரெண்டு பக்கமும் ஒவ்வொரு முள், உண்மையில அது உருமாறின செதில். சும்மா இருக்கும்போது ஒரு பள்ளத்துக்குள்ள மடங்கிப் படுத்திருக்கும், பேனாக்கத்தி மாதிரி. கீல் இருக்கறது பின்பக்கம், கூர் இருக்கறது முன்பக்கம், அதனால மீன் வாலை ஒரு பக்கம் வளைச்சதும் மறுபக்க முள் வெளிய வந்து தலைப் பக்கமா நீட்டிக்கிட்டு நிக்கும். நான் ஒரு தடவை வலைலேர்ந்து பவுடர் ப்ளூங்கற சர்ஜன் மீன் ஒண்ணைக் கையால எடுத்து டேங்க் மாத்தினேன், ஒரே ஒரு துள்ளல்தான், வலிக்கவே இல்ல, தண்ணில ரத்தம் இழையா ஓடினப்பதான் விரல் அறுபட்டதே தெரிஞ்சது, பிளேடால இழுத்த மாதிரி நேர் கோடு. வலி சாயங்காலம்தான் வந்துச்சு, ரெண்டு நாள் வீக்கம். டாக்டர் பேரு ஏன்னு பாப்பாவுக்கு இதைச் சொல்லுங்க. அகாந்தூரஸ்னாலே கிரேக்கத்துல முள்வால்னுதான் அர்த்தம்.

இந்தக் குடும்பத்துல 80-க்கும் மேல இனம் இருக்கு, ஆறு பேரினம் (நெருங்கின இனங்களைச் சேத்து வைக்கிற கூட்டம்). அதுல நாசோவுக்கும் பிரியோனூரஸுக்கும் மட்டும் முள் மடங்காது, எலும்புத் தகடு மாதிரி அப்படியே நிரந்தரமா நீட்டிக்கிட்டு இருக்கும், நாசோவுல சிலதுக்கு நெத்தில கொம்பு வேற. மிச்ச நாலுக்கும் மடக்குக் கத்தி.

இதெல்லாம் இப்ப சுலபமா சொல்லிடறோம், ஆரம்பத்துல பெரிய பெரிய ஆளுங்களே குழம்பியிருக்காங்க. உயிர்களுக்கு ரெண்டு சொல்லுல பேரு வைக்கிற முறையைக் கொண்டாந்த லின்னேயஸ் 1766-ல இந்த நீல மீனுக்கு வச்ச பேரு டூத்திஸ் ஹெப்பாட்டஸ், அதே டூத்திஸ்குள்ள அவர் போட்ட இன்னொரு மீன் எது தெரியுமா, நம்ம ஓரா! ராமேஸ்வரம் பக்கம் குழம்பு வைக்கிற அதே ஓரா வகைதான். பாக்க ரெண்டும் தட்டையா, சின்ன வாயோடதான் இருக்கும், ஆனா ஓராவுக்கு வால்ல கத்தி கிடையாது, விஷமெல்லாம் துடுப்பு முள்ளுல, குத்து வாங்கினவங்களைக் கேட்டா தெரியும். அப்புறம்தான் ரெண்டையும் தனித்தனி குடும்பமாப் பிரிச்சாங்க.

எனக்கு ரொம்பப் புடிச்ச குளறுபடி இன்னொண்ணு. சர்ஜன் மீனோட குஞ்சு உடனே கரைக்கு வராது, வாரக்கணக்குல நடுக்கடல்ல மிதக்கும், கண்ணாடி மாதிரி உடம்பு, வட்டமா, காசு மாதிரி. அதைப் புடிச்சவங்க இது வேற ஏதோ மீன்னு நினைச்சு அக்ரோனூரஸ்னு தனிப் பேரினமே உண்டாக்கிட்டாங்க! ஹவாய்ல மனினின்னு ஒரு சர்ஜன் மீன், ஜான் ராண்டால்னு ஒருத்தர் அதோட பொழப்பையே வருஷக்கணக்கா பாத்து 1961-ல எழுதினார், குஞ்சு ராத்திரில கரையோரப் பாறைக் குட்டைக்கு வந்து சேருது, நாலஞ்சு நாள்ல கண்ணாடி உடம்புல நிறமும் கோடும் ஏறிடுது, அதுவரைக்கும் மிதவை உயிர்களைத் தின்னுக்கிட்டு இருந்தது இனி பாசி திங்கணுமே, அதுக்காக குடலும் மளமளன்னு நீளமாகுது. அந்தக் குட்டைல மொத நாள் ஒருத்தன் பாத்து ஒரு பேரும், அடுத்த வாரம் இன்னொருத்தன் பாத்து வேற பேரும் வச்சா யாரைத் தப்பு சொல்றது?

அதே குஞ்சுதான் இன்னொரு வழக்குல சாட்சியாவும் வந்துச்சு. லூவார்னு ஒரு மீன், நடுக்கடல்ல திரியும், ஆள் உயரத்துக்கும் மேல வளரும், வாலைப் பாத்து சூரை மீன் சொந்தம்னு வச்சிருந்தாங்க. 1989-ல எலும்பையும் குஞ்சையும் ஒண்ணொண்ணா ஒப்பிட்டுப் பாத்தா, சர்ஜன் மீனுக்கு நெருங்கின சொந்தம்!

டிஎன்ஏ வந்ததும் தீந்துச்சான்னா அதுவும் இல்ல. பல்லு சீப்பு மாதிரி இருக்கறதால டீனோகீட்டஸ்னு தனியா வச்சிருந்த கூட்டம், அகாந்தூரஸோட வம்ச மரத்துக்குள்ளயே ஒரு கிளையா வந்து நிக்குது. என் விரலை அறுத்த பவுடர் ப்ளூவோட இனமும் பசிபிக்லேர்ந்து வர்ற அகாந்தூரஸ் நைக்ரிகன்ஸும் இந்து மகா சமுத்திரத்துல கிறிஸ்மஸ் தீவு பக்கம் கலந்து கலப்புக் குஞ்சு உண்டாக்குதுங்க, ரெண்டோட சாயலும் இருக்கும். நாம போட்ட கோடு நமக்குத்தான் போல, மீனுக்கு அது தெரியாது.

அப்புறம், ரெண்டடி டேங்க்ல நீல மீன் வாங்கிடாதீங்க, அது ஒரு அடி வரைக்கும் வளரும். அடுத்த தடவை போனா மஞ்ச மீனோட வால்கிட்ட பாப்பாவைப் பாக்கச் சொல்லுங்க, சின்னதா வெள்ளைக் கோடு ஒண்ணு தெரியும், அதான் கத்தி. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தா போதும்.