உப்பு தின்னாத பிணங்கள்

அன்புள்ள அக்கா,

போன வாரம் பையனோடு உட்கார்ந்து ஒரு ஜாம்பி படம் பார்த்தேன், செத்த பிணங்கள் எழுந்து நடக்குமே, அந்த மாதிரி. நம்ம ஊர்ப் பேய்க்கு ஒரு பெயர் உண்டு, செத்த கதை உண்டு, தீராத ஆசை உண்டு. எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துப் பேய்கள் பூ கேட்கும், சுருட்டு கேட்கும். ஜாம்பிக்கு ஒன்றும் கிடையாது. கடிக்கிறது, அவ்வளவுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வாசகர், வண்டிப்பெரியாறு

அன்புள்ள தம்பி,

ஒன்றும் கிடையாது என்றீர்களே, அதுதான் அதன் கதை. பெயர், ஆசை எல்லாம் அதனிடமிருந்து பிடுங்கப்பட்டுவிட்டன.

ஜாம்பி பிறந்த ஊர் ஹெய்ட்டி, கரீபியன் கடலில் இருக்கும் ஒரு தீவு நாடு. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள், செத்தால் உயிர் தாய்மண்ணுக்குத் திரும்பிவிடும் என்று நம்பினார்கள். அந்த ஆறுதலும் போய்விட்டால்? மந்திரவாதி பிணத்தை எழுப்பி மறுபடியும் வயலில் இறக்கிவிட்டால்? ஜாம்பி கடிக்கும் என்று அங்கே பயமில்லை. தன்னை ஜாம்பி ஆக்கிவிடுவார்களோ என்றுதான் பயம். 1791இல் கிளர்ந்தெழுந்து, 1804இல் சுதந்திர நாடான பிறகும் அந்தப் பயம் கதைகளில் தங்கிவிட்டது. 1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' படத்தில், கரும்பாலையில் வேலை செய்யும் ஜாம்பிகளில் ஒருவன் எந்திரத்துக்குள் விழுகிறான். மற்றவர்கள் நிற்காமல் எந்திரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மனிதக் கறி தின்பதெல்லாம் 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்துக்குப் பிறகு பரவியது.

ஹெய்ட்டிக் கதைகளில் ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. ஜாம்பிக்கு உப்பில்லாத சாப்பாடுதான் போட வேண்டும். உப்பு நாக்கில் பட்டால் போதும், தான் யார் என்று நினைவு வந்துவிடும். தன் குழியைத் தேடிப் போய்விடும்.

இதைப் படித்த அன்று பீர்மேட்டில் இருந்த என் பாட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடம். ஈரத்துக்கு, கூடைக்கு என்று கணக்கப்பிள்ளை கிலோவைக் கழித்துக்கொண்டே போகிறார். சித்தி வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாட்டி கஞ்சியை அவள் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டி, சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கிற?"

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அதே பாட்டிதான். ஆனால் அன்றைக்கு அவள் கையில் இருந்த உப்பு ஹெய்ட்டியின் உப்பு.

மறுநாள் சித்தி, தராசு முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கூடையைத் தூக்கினாள்.