டீன் காமெடிப் படங்களின் தொடக்கக் காட்சிகள்: கேள்வி பதில்

கேள்வி: பாட்டு, கார், பள்ளிக்கூட வாசல். அமெரிக்க டீன் காமெடி, அதாவது பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய நகைச்சுவைப் படம் எல்லாம் இப்படித்தானே தொடங்குகிறது? இதில் கவனிக்க என்ன இருக்கிறது?

பதில்: பாதிப் படங்கள் அப்படித்தான். ஆனால் நல்ல படம் என்றால், நாயகனோ நாயகியோ தன்னை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது முதல் சில ஷாட்களிலேயே தெரிந்துவிடும். 'க்ளூலெஸ்' (1995) பாருங்கள். பளிச்சென்ற வெயில், ஷாப்பிங், நீச்சல்குளம், சடசடவென்று மாறும் ஷாட்கள். என்ன இது, விளம்பரமா என்று நமக்குத் தோன்றும்போதே நாயகி ஷேர் அதையே சொல்லிக் கிண்டலடிக்கிறாள். அப்புறம் கம்ப்யூட்டரில் உடைகளைப் பொருத்திப் பார்த்து, மஞ்சள் கட்டம் போட்ட செட்டைத் தேர்ந்தெடுக்கிறாள். அவளுடைய பணமும் செல்லமும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. ஒளிப்பதிவு பில் போப். 1999-இல் 'மேட்ரிக்ஸ்' எடுத்த அதே ஆள்!

கேள்வி: 'மீன் கேர்ள்ஸ்' படத்தில் அம்மாவும் அப்பாவும் கேமராவைப் பார்த்தே பேசுகிறார்களே, ஏன்?

பதில்: அது நாயகி கேடியின் (Cady) பார்வை. சாப்பாடு இருக்கிறது, பால் வாங்கக் காசு வைத்திருக்கிறேன், போன் நம்பர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கக் கேட்க, எதிரே இருப்பது எல்கேஜி குழந்தை என்றே நம்பிவிடுகிறோம். திருப்பிக் காட்டினால் பதினாறு வயதுப் பெண். வழக்கமாக உடனே வரவேண்டிய, எதிரே இருப்பவரைக் காட்டும் ஷாட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்தார்கள், அவ்வளவுதான். மொத்தச் சிரிப்பும் அந்தத் தாமதத்தில் இருக்கிறது. வீட்டிலேயே படித்து வளர்ந்தவள் என்ற தகவலும் அதோடு வந்துவிடுகிறது.

கேள்வி: ஃபெரிஸ் பியூலர் கேமராவோடு பேசுவதும் இதே உத்திதானா?

பதில்: இல்லை. ஜான் ஹியூஸ் இயக்கிய 'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' (1986) படத்தில் பெற்றோர் அறையை விட்டுப் போன பிறகுதான் ஃபெரிஸ் நம் பக்கம் திரும்புகிறான். உடம்பு சரியில்லை என்று நாடகம் போடும் வழிமுறைகள் திரையில் எழுத்தாகவும் வருகின்றன. அந்த நொடியிலிருந்து நாமும் கூட்டுக் களவாணி.

கேள்வி: 'ஜூனோ' டைட்டில் கம்ப்யூட்டரில் வரைந்ததா?

பதில்: புகைப்படங்கள்தான். நாயகி ஜூனோ நடப்பதைப் படமெடுத்து, ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸ் போட்டு, வண்ணம் சேர்த்து, கத்தரித்து அனிமேஷன் ஆக்கியிருக்கிறார்கள். அந்தச் சொரசொரப்பு அப்படி வந்தது.

கேள்வி: 'சூப்பர்பேட்' (2007) தொடக்கத்தில் நிழலுருவங்கள் ஆடுவது எதற்கு?

பதில்: எழுபதுகளின் கெத்து. படநிறுவனமான கொலம்பியாவின் லோகோவைக்கூடப் பழசாகவே போட்டார்கள். அடுத்து வரும் இரண்டு பையன்களிடம் அந்தக் கெத்து துளியும் கிடையாது.

கேள்வி: கல்லூரி நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். கையில் காசில்லை. எங்களுக்கு எது சரிவரும்?

பதில்: 'நெப்போலியன் டைனமைட்' (2004) டைட்டில். நேர் மேலே அசையாத கேமரா, கீழே தட்டுகளை வைத்து எடுக்கும் கைகள், உணவிலும் சாஸிலும் எழுதிய பெயர்கள். சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டபோது இந்த டைட்டிலே இல்லை, பிறகு எடுத்துச் சேர்த்தது. படத்திலும் கேமரா பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்பதால் நன்றாக ஒட்டிக்கொண்டது. தட்டைக் காப்பியடிக்காதீர்கள். உங்கள் நாயகனின் பையைக் கவிழ்த்து, விழுவதை எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், ஆனால் மேகம் வந்து போனால் ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும். ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிடுங்கள்.