சூரை மீன் விற்கும் எட்டு நாடுகள்: கேள்வி பதில்

பசிபிக் தீவு நாடுகள் சேர்ந்து, தங்கள் கடலில் சூரை மீன் பிடிக்கும் உரிமையை வெளிநாட்டுக் கப்பல்களுக்கு விற்கும் வியாபாரம் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: யார் அந்த எட்டு பேர்? ஏன் கூட்டு சேர்ந்தார்கள்?

பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், கிரிபாட்டி, நவுரு, துவாலு, மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியா, பலாவு. மீன்வளத்தைக் கூட்டாக நிர்வகிக்கும் நவுரு உடன்பாட்டில் 1982இல் ஏழு நாடுகள் கையெழுத்திட்டன; துவாலு பிறகு சேர்ந்தது. கிரிபாட்டியின் நிலம் 811 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதன் கடல் எல்லை இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரியது. சூரையில் ஒரு வகையான வரிச்சூரையில், உலக அளவில் ஏறக்குறைய பாதி இந்த எட்டு நாடுகளின் கடலில்தான் கிடைக்கிறது. தனித்தனியாகப் பேசினால், "பக்கத்துத் தீவில் இதைவிடக் கம்மி" என்று சொல்லியே கப்பல்காரர்கள் விலையை அடித்துவிடுவார்கள்.

கேள்வி: பிடித்த மீனின் எடைக்குக் காசா?

இல்லை, நாளுக்கு. சுருக்குமடி வலை போடும் பெரிய கப்பல்களுக்கு 2007 முதல் இந்த முறை. ஆண்டுக்கு மொத்தம் இத்தனை மீன்பிடி நாட்கள் என்று முடிவு செய்து, நாடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. கப்பல்கள் அந்த நாட்களை விலைக்கு வாங்க வேண்டும். ஒரு நாளின் குறைந்தபட்ச விலை 8,000 டாலர். வலையில் ஒன்றும் விழாவிட்டாலும் காசு காசுதான். எடையில் பொய்க் கணக்கு எழுதலாம். கப்பல் எங்கே நின்றது என்பதைச் செயற்கைக்கோள் காட்டிவிடும். "அன்றைக்கு வலையே இறக்கவில்லை, வெறுமனே கடந்து போனோம், கழித்துவிடுங்கள்" என்ற தகராறு மட்டும் ஓய்வதில்லை. 2010இல் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருமானம் பிறகு 50 கோடியைத் தொட்டது. கிரிபாட்டி அரசின் வருவாயில் பாதிக்கு மேல் மீன்பிடிக் கட்டணம்தான்.

கேள்வி: வல்லரசுகள் சும்மா விட்டார்களா?

விடவில்லை. சூரை ஓரிடத்தில் நிற்காத மீன், அதற்குக் கரை நாடு உரிமை கொண்டாட முடியாது என்பது அன்றைய அமெரிக்க வாதம். 1984இல் அனுமதியில்லாமல் மீன் பிடித்த 'ஜெனெட் டயானா' என்ற அமெரிக்கக் கப்பலைச் சாலமன் தீவுகள் பிடித்து வைத்துக்கொண்டது. பதிலுக்கு அந்நாட்டு மீன் இறக்குமதிக்கு அமெரிக்கா தடை போட்டது. அடுத்த வருடம் கிரிபாட்டி சோவியத் யூனியனுடன் மீன்பிடி ஒப்பந்தம் போட்டது. அவ்வளவுதான், வாஷிங்டன் இறங்கி வந்தது. 1987இல் தீவு நாடுகளுக்குப் பணம் கொடுத்து மீன் பிடிக்கும் ஒப்பந்தம் ஆனது. என்னைக் கேட்டால், கிரிபாட்டியின் அந்த ஒரு நகர்வு பத்து மாநாடுகளுக்குச் சமம்.

கேள்வி: மீன் வேறு பக்கம் போய்விட்டால்?

பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் மீன் கிழக்கே, கிரிபாட்டி பக்கம் போகும். மேற்கே உள்ளவர்களுக்குக் குறையும். அதனால்தான் நாட்களைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். கடல் சூடாகி, மீன் யாருக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்கே நகர்ந்துவிட்டால் விற்க ஒன்றும் இருக்காது. உண்மையான பயம் அதுதான்.

கேள்வி: டப்பாவில் அடைக்கும் லாபமும் அவர்களுக்கா?

பெரும்பாலும் இல்லை. பப்புவா நியூ கினியிலும் சாலமன் தீவுகளில் நோரோவிலும் ஆலைகள் உண்டு. ஆனாலும் நிறைய மீன் தாய்லாந்துக்குத்தான் போகிறது.

கேள்வி: நம் இந்தியப் பெருங்கடலில் இப்படிச் செய்யலாமே?

கஷ்டம். பசிபிக் தீவுகள் முக்கியமாக உரிமத்தை விற்பவர்கள். இங்கே இந்தியா, இலங்கை, இந்தோனேசியா எல்லாம் தாங்களே பிடிப்பவர்கள். இங்குள்ள சூரை ஆணையத்தில், கட்டணம் கட்டி மீன் பிடிக்கும் ஐரோப்பிய ஒன்றியமும் உறுப்பினர். விற்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில் இருக்கும்போது விலையை யார் ஏற்றுவது? மாலத்தீவு, செஷல்ஸ் மாதிரி சிலர் மட்டும் சேர்ந்தால் ஏதாவது நடக்கலாம்.