பழைய கடிகாரத்தில் பெயர் வெட்டலாமா?

கேள்வி: அப்பா தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த ஒமேகா. பொன் நிற உறை. பின்மூடியில் அவர் பெயரைத் தமிழில் வெட்ட வேண்டும். லேசரில் பத்து நிமிட வேலை என்கிறார்கள். செய்யலாமா? – வாசகர், ஹட்டன்

பதில்: முதலில் மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். ‘20 மைக்ரோன்’ என்றிருந்தால் அது முலாம். 20 மைக்ரோன் என்பது 0.02 மி.மீ. தெளிவாகத் தெரியும் வெட்டுக்கு 0.1 மி.மீ. ஆழமாவது வேண்டும், அதாவது முலாமைப் போல ஐந்து மடங்கு. அடியில் இருக்கும் பித்தளை வெளிவந்து, வியர்வையும் மலைநாட்டு ஈரமும் பட்டுக் கறுக்கும், பிறகு பச்சை பூக்கும். நல்ல செய்தி, முலாம் பூசிய பல கடிகாரங்களுக்குப் பின்மூடி மட்டும் துருப்பிடிக்காத எஃகு. அப்படியானால் தாராளமாக வெட்டலாம். ஆனால் நகை ஆசாரியின் சாதாரண உளி எஃகில் முனை உடையும். கார்பைட் என்ற மிகக் கடினமான பொருளாலான முனை வேண்டும்.

வெட்டும் முன் இயந்திரத்தை வெளியே எடுத்தே ஆக வேண்டும். எஃகுத் துகள் ஒன்று மயிர்ச்சுருளில், அதாவது ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் மெல்லிய சுருள்வில்லில் ஒட்டினால் கடிகாரம் தாறுமாறாக ஓடும். ரப்பர் வளையத்தையும் கழற்றுங்கள். வெட்டும்போது அசையாமலிருக்க மூடியை அரக்கில் பதிப்பார்கள், அந்தச் சூட்டில் வளையம் கெடும். அழுத்திப் பூட்டும் மூடி என்றால் சுத்தியல் தட்டு ஆகாது, விளிம்பு விரிந்து மறுபடி பூட்டாது. கையால் தள்ளி வெட்டுவதே சரி.

உளியின் கோணம் முக்கியம். 120 பாகை முனை 0.1 மி.மீ. ஆழத்தில் 0.35 மி.மீ. அகலக் கோடு போடும், 2 மி.மீ. எழுத்தில் ‘ண’வின் சுழிகள் அடைந்துவிடும். 90 பாகை என்றால் அகலம் 0.2 மி.மீ. தான். எழுத்து உயரம் 2.5 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

லேசர் என்றால் இன்னொரு தொல்லை. கடைக் கணினியில் ‘கொ’, ‘கை’ போன்றவற்றின் கொம்பு இடம் மாறி விழுவது சகஜம். பெயரை எழுத்துருவாக அல்ல, கோட்டு வடிவமாக மாற்றிக் கொடுத்து, தாளில் ஒரு பிரதி எடுத்து வாசித்துப் பாருங்கள். எஃகில் வெட்டிய பிழையை அழிக்க இறேசர் கிடையாது.

கேள்வி: வாங்கிய கடிகாரத்தின் பின்மூடியில் ஒரு துரையின் பெயரும் 1958 என்ற ஆண்டும் இருக்கின்றன. அழிக்கலாமா? – வாசகி, பண்டாரவளை

பதில்: வேண்டாம். வெட்டின் ஆழத்துக்கு மூடி முழுவதையும் தேய்க்க வேண்டிவரும். மூடி மெலியும், கூர்மையான விளிம்புகள் மழுங்கும். சேகரிப்போர் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள். துரை இருந்துவிட்டுப் போகட்டும், கீழே இடமிருந்தால் உங்கள் பெயரை வெட்டுங்கள்.

கேள்வி: முகப்பில் தேயிலைக் கொழுந்து வரையலாமா? எண்களின் பச்சைப் பூச்சு இப்போது இருட்டில் ஒளிர்வதில்லை. – வாசகர், நுவரெலியா

பதில்: அந்தப் பூச்சைச் சுரண்டவே வேண்டாம். 1960கள் வரை பல முகப்புகளில் கதிர்வீச்சு உள்ள ரேடியம் பூசினார்கள். ஒளி மங்கியது அதனுடன் கலந்த துத்தநாக சல்பைட் தேய்ந்ததால். ரேடியம் அப்படியே இருக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 1600 ஆண்டுகள். தூசு மூச்சில் போவதுதான் ஆபத்து. கொழுந்தை எஃகு மூடியில் வெட்டிக்கொள்ளுங்கள்.